குழந்தைகளைக் காக்க ஆசையா? வழிகள் பல உண்டு!

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், "நீ பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டாக்டர் ஆவேன்" என்று பலர் சொல்வார்கள்.

"என்ன டாக்டர்?" என்று மறுபடியும் கேளுங்கள்.

"குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்" என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய பிள்ளையாக இருக்கும்.

நல்ல ஆசை! இதைவிட நல்ல ஆசை ஒரு பிள்ளைக்கு வர முடியாது.

ஆனால், பெற்றோர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? அந்த ஆசையை ஒரே ஒரு நாற்காலியில் கட்டிப் போடுகிறோம். "டாக்டர் சீட் கிடைத்தால் நீ கெட்டிக்காரன். கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு" என்கிறோம்.

இது சரியா? சரி அல்ல என்பதே என் கருத்து. குழந்தையைக் காக்க வேண்டும் என்பதுதான் ஆசை. டாக்டர் பட்டம் அதற்கு ஒரு வழி. பெரிய வழிதான். ஆனால், அது ஒன்றே வழி அல்ல.

குழந்தை "சின்ன மனிதன்" அல்ல

குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பது எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். "பெரியவர்களுக்குக் கொடுக்கும் மருந்தில் பாதி கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள்.

போதாது! குழந்தைக்கு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். 5 கிலோ குழந்தைக்கு ஓர் அளவு. 10 கிலோ குழந்தைக்கு வேறு அளவு. அளவு தப்பினால் மருந்தே விஷமாகி விடும்.

பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் தாங்குவார்கள். கைக்குழந்தை தாங்காது. உடம்பில் உள்ள நீர் சில மணி நேரத்தில் வற்றி விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. "இங்கே வலிக்கிறது" என்று கை காட்டாது. அழும். அழக்கூட முடியாமல் சோர்ந்து கிடந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குழந்தைக்கு இருமல். சாதாரணச் சளியா, நிமோனியாவா? இதை அறிய முதலில் வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல. ஒரு கடிகாரம் போதும்! குழந்தை அழாமல் இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ண வேண்டும்.

2 மாதம் ஆகாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50 தடவை. ஒரு வயது முதல் 5 வயதுக்குள் என்றால் 40 தடவை. இந்த அளவை எட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த எண்ணிக்கையைக் கிராமத்தில் வேலை பார்க்கும் சுகாதார ஊழியரும் கற்றுக் கொள்கிறார். அவர் பொறுமையாக எண்ணினால் ஓர் உயிர் பிழைக்கிறது. அவர் டாக்டர் அல்ல. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் குழந்தையைக் காப்பாற்றியவர் யார்? அவர்தானே!

டாக்டர் ஆக எத்தனை ஆண்டு?

குழந்தை டாக்டர் ஆக விரும்பும் மாணவர்கள் வழியை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்க வேண்டும். "நீட்" தேர்வு எழுதி இடம் பெற வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆக மொத்தம் ஐந்தரை ஆண்டு.

அத்துடன் முடிந்து விடாது. குழந்தைகள் நல மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற, இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி மேலும் 3 ஆண்டுகள் படிக்க வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் நிபுணர் ஆக வேண்டுமா? அதற்கு மேல் இன்னும் 3 ஆண்டுகள்.

அதாவது, 18 வயதில் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளை, ஒரு தடையும் இல்லாமல் படித்தாலும், குழந்தை டாக்டராக வெளியே வரும்போது வயது 26 தாண்டி விடும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. முடிந்தவர்கள் கட்டாயம் முயல வேண்டும். 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு வந்தது. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று ஏழைப் பெற்றோர் ஒதுங்கக் கூடாது.

ஆனால், இடங்கள் குறைவு. ஆசைப்படுகிறவர்கள் அதிகம். முயன்றவர்களில் பலருக்குக் கிடைக்காது. அப்போது அந்தப் பிள்ளைகள் என்ன ஆவது?

மார்க் குறைந்து விட்டது. சீட் கிடைக்கவில்லை. சரி. குழந்தைகள் மேல் உள்ள அன்பு குறைந்து விட்டதா? இல்லையே! தோற்றது பரீட்சை. ஆசை தோற்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர்கள் தாயும் தந்தையும்தான்.

மூன்று டாக்டர்கள் காட்டிய பாதை

"டாக்டரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் எடுபிடிகள்தானே?" என்று நினைப்பவர்களுக்கு, மூன்று டாக்டர்களின் வரலாற்றையே சொல்கிறேன்.

முதலாவது, ஐடா ஸ்கடர். அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை திண்டிவனத்தில் டாக்டராக இருந்தார். ஐடா இளம் பெண்ணாக அங்கே வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளில் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூன்று வீட்டாரும் சொல்லி விட்டார்கள். ஐடா அப்போது டாக்டருக்குப் படிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அந்த இரவு அவர் மனதை மாற்றியது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900-ம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார்.

கவனியுங்கள். அவர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-ம் ஆண்டில். ஆனால், நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கியது 1909-ம் ஆண்டில்! டாக்டர்களை உருவாக்குவதற்கு 9 ஆண்டுகள் முன்பே நர்சுகளை உருவாக்கினார். தாயும் சேயும் பிழைக்க யார் யார் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, வர்ஜீனியா ஆப்கார். இவரும் அமெரிக்கப் பெண்மணி. குழந்தை டாக்டர் அல்ல. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். பிறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை அவர் பார்த்தார். 1952-ம் ஆண்டு ஒரு கணக்குச் சொன்னார்.

குழந்தை பிறந்ததும் ஐந்து அடையாளங்களைப் பார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் வலு, தொட்டால் காட்டும் அசைவு, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க் போடு. மொத்தம் பத்துக்கு எத்தனை என்று பார். மார்க் குறைந்தால் உடனே கவனி!

இவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் பிரசவ அறைகளில் இந்த மார்க் போடுகிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும்தான். குழந்தை டாக்டர் அல்லாத ஒருவர், கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் காவலாக இருக்கிறார்.

மூன்றாவது, நம் நாட்டவர். திலீப் மகலனாபிஸ். இவர் குழந்தை டாக்டர்தான். 1971-ம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்கான் என்ற ஊரில் இருந்த முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் "சலைன்" தீர்ந்து கொண்டிருந்தது. தரையில் எல்லாம் நோயாளிகள்.

மகலனாபிஸ் என்ன செய்தார்? சர்க்கரைச் சத்தான குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் சொன்னார். நல்ல தண்ணீரில் கரைத்தார். "இதை நீங்களே கொடுங்கள்" என்று தாய்மார்களிடமும் உறவினர்களிடமும் கொடுத்து விட்டார்.

காலரா வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்து கொண்டிருந்த இடத்தில், அவருடைய சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்!

இன்று மருந்துக் கடையிலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். 2022-ம் ஆண்டு மகலனாபிஸ் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பெரிய குழந்தை டாக்டர் ஒருவர், தம் வேலையைத் தாயின் கையில் கொடுத்தார். அதனால் அவருடைய மதிப்பு குறைந்ததா? உயர்ந்தது.

போலியோவை விரட்டியவர்கள் யார்?

1971-ம் ஆண்டில் இந்தியாவில் 1,000 குழந்தைகள் பிறந்தால், ஒரு வயது ஆவதற்குள் 129 குழந்தைகள் இறந்தன. 2020-ம் ஆண்டில் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 13.

பெரியம்மை 1975-ம் ஆண்டோடு நம் நாட்டை விட்டுப் போயிற்று. போலியோ கடைசியாக 2011-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014-ம் ஆண்டு இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்தார்கள்.

இதை எல்லாம் செய்தது யார்? டாக்டர்கள் மட்டுமா? தடுப்பு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக் கொண்டு, வெயிலில் வீடு வீடாகப் போன பெண்களை மறந்து விடலாமா? சொட்டு மருந்து கொடுத்து விட்டு, குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தார்களே, அவர்கள்தான்!

தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பல மருந்துகள் வெயில் பட்டால் கெட்டு விடும். சில மருந்துகள் உறைந்து போனாலும் கெட்டு விடும். பஸ் போகாத ஊருக்கும் அதைக் கெடாமல் கொண்டு சேர்ப்பது லேசான வேலையா?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு குழந்தையின் அட்டையையும் பார்ப்பார். "ஆறாவது வாரம் போட்டாயிற்று, பத்தாவது வாரம் ஏன் வரவில்லை?" என்று தாயை உரிமையோடு கண்டிப்பார். அந்தக் கண்டிப்புதான் குழந்தைக்குக் கவசம்.

என்னென்ன வேலைகள்?

குழந்தைகளின் உடல்நலம் காக்கும் வேலைகள் சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

நர்சு: பி.எஸ்சி. நர்சிங் படிப்பு 4 ஆண்டுகள். நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டுகள். பி.எஸ்சி. முடித்தவர்கள் பிறகு எம்.எஸ்சி.யில் குழந்தைகள் நல நர்சிங்கைத் தனிப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். ஆண்களும் படிக்கலாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இரவு பகலாகக் காப்பவர்கள் இவர்களே.

பேச்சு, செவிப் பயிற்சியாளர்: பிறவியில் காது கேளாத குழந்தை, பேசவும் கற்றுக் கொள்ளாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்ய வேண்டும். 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். காதுக்குக் கருவி வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்துப் பேச வைப்பவர் இந்தப் பயிற்சியாளர். அவர் கைவண்ணத்தில் ஒரு குழந்தை முதன் முதலில் "அம்மா" என்று சொல்லும்!

இயன்முறை மருத்துவர்: மூளை வாதத்தால் கை கால் இறுகிய குழந்தையை உட்கார வைப்பார், நிற்க வைப்பார், நடக்க வைப்பார்.

உணவு நிபுணர்: மெலிந்த குழந்தைக்கும், அளவுக்கு மீறிப் பருத்த குழந்தைக்கும் எதை, எவ்வளவு கொடுப்பது என்று சொல்வார்.

அங்கன்வாடி ஊழியர்: ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. அன்று முதல், குழந்தையை எடை போட்டு, சத்துணவு கொடுத்து வருபவர்கள் இவர்கள். குழந்தையின் எடை கூடவில்லை என்பதைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பதும் இவர்களே.

"நர்சு வேலையா? வேண்டாம்!"

இப்படிச் சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். "ராத்திரி வேலை. கண்டவர்களைத் தொட வேண்டும். நாளைக்குக் கல்யாணம் நடக்க வேண்டாமா?" என்கிறார்கள்.

அவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பேரக்குழந்தை ஒன்றரை கிலோ எடையில் பிறக்கிறது. இரவு 2 மணி. குழந்தையின் மூச்சு நிற்பது போல் இருக்கிறது. பக்கத்தில் ஓடி வருவது யார்? அந்தக் கையைக் கும்பிடுகிறீர்கள். அதே கைக்கு உரிய பெண்ணை மருமகளாக்க மட்டும் ஏன் யோசிக்கிறீர்கள்?

பெண் பிள்ளை டாக்டருக்குப் படிப்பதையே ஒரு காலத்தில் தவறு என்றார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, எதிர்ப்புகளைத் தாண்டி, 1912-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இன்று பெண் டாக்டரைப் பார்த்து யாராவது முகம் சுளிக்கிறார்களா? நர்சைப் பற்றிய எண்ணமும் அப்படியே மாற வேண்டும்.

அதே சமயம், ஒன்றை மறைக்கக் கூடாது. நர்சுகளைத் "தேவதைகள்" என்று பாராட்டி விட்டு, கூலி கொடுப்பதில் மட்டும் கையைச் சுருக்குகிறார்கள். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் சம்பளம் மிகக் குறைவு. அரசு ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டவர்கள், வேலையை நிரந்தரமாக்கும்படி கேட்டுத் தமிழ்நாட்டில் பல முறை போராடி இருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர்களும் போராடி இருக்கிறார்கள்.

மதிப்பு என்பது வாய்ச்சொல் அல்ல. நல்ல சம்பளம், நிலையான வேலை, இரவில் பாதுகாப்பாக வீடு திரும்ப வசதி. இவைதான் மதிப்பு. குழந்தைகளைக் காக்கும் கைகள் வாடினால், குழந்தைகளும் வாடும் என்பதை ஆள்வோரும் ஆஸ்பத்திரி நடத்துவோரும் உணர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

தம்பி, தங்கைகளே! உங்களுக்கு உண்மையிலேயே இந்த ஆசை உண்டா? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

அழும் குழந்தையைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது ஏன் அழுகிறது என்று அறிய மனம் துடிக்கிறதா? வாந்தி எடுத்த குழந்தையை முகம் சுளிக்காமல் துடைத்து விட முடியுமா? ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும் தாய்க்கு, பத்தாவது தடவையும் பொறுமையாகப் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் நீங்கள் இந்த வேலைக்குத் தகுதியானவர்.

இப்போதே கற்றுக் கொள்ளக் கூடியவையும் உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவும் முறை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தும் முறை. தடுப்பூசி அட்டையைப் படிக்கும் முறை. உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அந்த அட்டையைப் படித்துச் சொல்லுங்கள். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று நினைவுபடுத்துங்கள். அன்றே உங்கள் தொண்டு தொடங்கி விட்டது!

பெற்றோர்களே! பிளஸ் டூ முடிவு வரும் நாளில், மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளையின் மனதையும் பாருங்கள். டாக்டருக்கு இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், அதே மகிழ்ச்சியோடு நர்சிங் கல்லூரிக்கும், செவிப் பயிற்சிக் கல்லூரிக்கும் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்.

பிறக்கும் குழந்தை, தன்னைத் தூக்குபவரின் பட்டத்தைக் கேட்பது இல்லை. அந்தக் கை சுத்தமாக இருக்கிறதா, அதில் அன்பு இருக்கிறதா, வேலை தெரிந்த கையா என்பதுதான் அதற்கு முக்கியம். அப்படிப்பட்ட கைகள் நாட்டுக்கு நிறைய வேண்டும். உங்கள் பிள்ளையின் கையும் அதில் ஒன்றாக இருக்கட்டும்!